கொலையாளி யார் என்று யார் தீர்மானிப்பது? துப்பறியும் பாத்திர விளையாட்டில் நடத்துநரின் அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

1

சனிக்கிழமை இரவு 8 மணிக்கு நாங்கள் நான்கு பேர் கணினி முன்னால் உட்காருகிறோம். வழக்கறிஞரான தோழர் ஒருவர் மதுரையில். மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கும் நண்பர் சிங்கப்பூரில். அவருக்கு அப்போது இரவு 10.30. யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வாழும் நண்பருக்குக் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. நாலாவது ஆள் நான். மூன்று மணி நேரம், இல்லாத ஓர் ஊரில் நடந்த கொலையைப் பற்றி இருக்கிற மொழியில் பேசிக்கொண்டிருப்போம்.

"இந்த வயசுல இதென்ன வெளையாட்டு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இலக்கிய நண்பர்களும் அதையேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் நாகரிகமான சொற்களில். அதற்குப் பதில் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. இப்படி நடத்திய ஓர் ஆட்டத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அது என்ன மாதிரித் தவறு என்று எனக்கே புரிய நாளாயிற்று. ஆசிரியன், பிரதி, வாசகன் என்று நாம் பல வருஷங்களாக இம்மாதிரிப் பக்கங்களில் பேசிவந்த விஷயங்களை அந்தத் தவறு மறுபடி யோசிக்க வைத்தது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றி, தெரியாதவர்களுக்காக. ஒருவர் நடத்துநர் (பஸ் கண்டக்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம்). மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நடத்துநர் உலகத்தை விவரிக்கிறார்: "கிடங்குக் கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருக்கு. உள்ளே ஈர நெல் வாசனை." ஆடுபவர் தன் பாத்திரம் செய்வதைச் சொல்கிறார்: "நான் தாழ்ப்பாளைத் தொட்டுப் பாக்குறேன்." முடிவு நிச்சயமில்லாத இடங்களில் 20 முகப் பகடையை உருட்டுகிறோம். பார்வையாளர் கிடையாது, எழுதிவைத்த வசனம் கிடையாது. பேசப் பேசக் கதை உண்டாகிறது.

நடத்துநரைக் கூத்தின் கட்டியங்காரனோடு ஒப்பிட்டால் பாதிதான் சரியாக இருக்கும். கூத்தில் கதை எல்லோருக்கும் முன்பே தெரியும். கட்டியங்காரனின் அதிகாரம் கதையைத் தெரிந்து வைத்திருப்பதில் இல்லை, அதைக் கேலி செய்வதில் இருக்கிறது. இங்கே நடத்துநருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாது. அவருடைய அதிகாரமெல்லாம் இந்தத் தெரியாமையின் மேல்தான் நிற்கிறது.

2

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? விளையாட்டின் பூர்வீகம் படைமுகாம்.

பிரஷ்யப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ், தன் தந்தை உருவாக்கிய போர் விளையாட்டைத் திருத்தி 1824இல் ராணுவத்துக்குக் கொடுத்தார். இரண்டு அணிகள், நடுவில் ஒரு நடுவர். ஒவ்வோர் அணிக்கும் அதன் படைகளின் கண்ணுக்கு எட்டுவது மட்டுமே தெரியும். முழு நிலவரமும் தெரிந்தவர் நடுவர் ஒருவர்தான். அட்டவணைகள், பகடை, விதிகள் எல்லாம் இருந்தன. நடுவரும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர். 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி இந்த அட்டவணைகளெல்லாம் எதற்கு என்றார். அனுபவமுள்ள நடுவர் தன் தீர்ப்பை நேரடியாகச் சொன்னால் போதும், ஆட்டம் வேகமாகவும் நிஜமாகவும் நடக்கும் என்பது அவர் வாதம். விதிக்குக் கட்டுப்பட்ட நடுவரா, தன் மதிநுட்பத்துக்கு மட்டும் கட்டுப்பட்ட நடுவரா? இந்தச் சண்டை அன்றே தொடங்கிவிட்டது.

1969இல் அமெரிக்காவில், மினசோட்டாவின் இரட்டை நகரங்களில் டேவிட் வெஸ்லி என்பவர் 'பிரௌன்ஸ்டைன்' என்ற கற்பனை நகரத்தை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். அணிகளுக்குப் பதில், ஆளுக்கொரு மனிதரும் அவருக்கென்று ஒரு குறிக்கோளும். அந்த வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் அதைக் கற்பனை உலகத்துக்குக் கொண்டுபோனார். அவரும் விஸ்கான்சின் மாநிலத்து கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டார்கள். இன்று நாங்கள் ஆடுவது அதன் ஐந்தாம் பதிப்பு (2014).

படை அதிகாரியின் மேசையிலிருந்து நண்பர்களின் மேசைக்கு வந்த பிறகும் நடுவரின் இருக்கை அப்படியே இருக்கிறது. எல்லாம் தெரிந்தவர், எதையும் மறைக்க உரிமை உள்ளவர், தீர்ப்புச் சொல்பவர். விளையாட்டுதானே என்று இதை விட்டுவிட முடியவில்லை.

3

குகைக்குள் போய்ப் பூதத்தைக் கொல்லும் ஆட்டத்தில் இந்த அதிகாரம் அவ்வளவாக உறுத்தாது. பூதம் எங்கே இருக்கிறது என்று ஆடுபவர்கள் பார்த்துக்கொள்ளலாம். துப்பறியும் ஆட்டத்தில்தான் விவகாரம்.

டோடரோவ் 1966இல் எழுதிய கட்டுரையில், துப்பறியும் கதை என்பது உண்மையில் இரண்டு கதைகள் என்றார். ஒன்று குற்றத்தின் கதை. அது முடிந்துபோனது, நம் கண்முன் இல்லாதது. மற்றது விசாரணையின் கதை. அது கண்முன் நடக்கிறது, ஆனால் முதல் கதையை மீட்டெடுப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. நாவலில் இரண்டையும் ஒருவரே எழுதுகிறார். எங்கள் ஆட்டத்தில் குற்றத்தின் கதையை நடத்துநர் எழுதுகிறார், விசாரணையின் கதையை ஆடுபவர்கள் எழுதுகிறார்கள். ஒரு பிரதி இரண்டாகப் பிளந்து, ஆளுக்குப் பாதி கையில். வாசகன் பிரதியை உற்பத்தி செய்கிறான் என்று பார்த் சொன்னதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இங்கே பார்க்கலாம்.

பார்க்கிறவருக்கு அழகு. நடத்துகிறவருக்குத் தலைவலி. நாவலாசிரியர் தன் துப்பறிவாளரைச் சரியான மேசை இழுப்பறையைத் திறக்க வைக்கலாம். என் தோழர்கள் திறக்கமாட்டார்கள். நான் மூன்று வாரம் யோசித்து வைத்த கடிதத்தைத் தொடாமல், சும்மா வர்ணனைக்காகச் சொன்ன பூனையைப் பின்தொடர்ந்து போவார்கள். பூனைக்கு ஓனர் யார், அது ஏன் நொண்டுகிறது என்று ஒரு மணி நேரம் போகும்.

பகடையும் காலை வாரும். துப்பறிதலை மையமாக வைத்து 1981இல் வந்த 'கால் ஆஃப் கதூலு' ஆட்டத்தில் இந்தச் சிக்கல் பளிச்சென்று தெரிந்தது. தடயத்தைக் காண பகடை உருட்ட வேண்டும். விழவில்லை என்றால் தடயம் இல்லை, கதை நின்றுபோகும். இதற்கு இரண்டு மாற்றுகள் பின்னால் வந்தன. ராபின் லாஸ் உருவாக்கி, 2008இல் கென்னத் ஹைட் எழுதிய 'டிரெயில் ஆஃப் கதூலு'விலும் பயன்பட்ட முறையில், சரியான இடத்தில் சரியான திறனோடு தேடினால் தடயம் கிடைத்தே தீரும், பகடையே வேண்டாம். கண்டெடுப்பதில் சுவாரசியம் இல்லை, கிடைத்ததற்குப் பொருள் சொல்வதில்தான் இருக்கிறது என்பது அதன் பார்வை. (இதைவிட நல்ல வாசிப்புக் கோட்பாட்டை நான் அண்மையில் படித்ததில்லை.) இன்னொன்று, அதே 2008இல் ஜஸ்டின் அலெக்சாண்டர் சொன்ன 'மூன்று தடய விதி'. ஆடுபவர்கள் எட்டவேண்டிய முடிவு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று தடயங்களை வை. ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கை கொடுக்கும்.

சின்னக் குழுவுக்கு இந்த விதி இன்னும் அவசியம். ஆறு பேர் இருந்தால் ஒருவர் நினைப்பதை இன்னொருவர் மறுப்பார். மூன்று பேரில் ஒருவர் உறுதியாகப் பேசிவிட்டால் போதும், மற்ற இருவரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஒரு கருதுகோள் பத்து நிமிஷத்தில் உண்மையாகிவிடும்.

இணையவழி என்பதால் வேறு சில சங்கதிகள். முகம் தெரியாது, பாதி நேரம் படக்கருவியை அணைத்திருப்போம். மேசையில் உட்கார்ந்தால் ஒருவரின் மௌனம் யோசனையா, சலிப்பா என்று தெரிந்துவிடும். இங்கே மௌனம் வெறும் மௌனம். அவருடைய மைக்கே அணைந்திருக்கலாம். ஒரு பாத்திரத்துக்கு நான் திரையில் படம் போட்டால் உடனே சந்தேகம்: "படம் இருக்குன்னா முக்கியமான ஆளு." ஆகவே கொலையாளிக்குப் படம் போட்டால் மீன்காரிக்கும் போட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கதி, நாங்கள் டிஸ்கார்டில் எழுதுவது அழிவதில்லை. விவரணைகளையும் சாட்சியங்களையும் நான் பேசுவதோடு எழுதியும் போடுகிறேன், இணைப்பு விட்டுப்போகும் டொராண்டோ நண்பருக்காக. பேச்சு காற்றோடு போகும், எழுத்து காத்திருக்கும். பேச்சு, எழுத்து பற்றி தெரிதா சொன்னதையெல்லாம் கரைத்துக் குடித்ததாக நினைத்திருந்த நான் இதைக் கவனிக்காமல் விட்டேன்.

4

அந்த ஆட்டம் இதுதான். ஆற்றுத்துறை ஊர் ஒன்று. வரிக்கணக்கர் தானியக் கிடங்கில் செத்துக் கிடக்கிறார். பிணத்துக்குக் கீழ்த்தாடை இல்லை.

மந்திரம் உள்ள உலகத்தில் துப்பறியும் கதை எழுத உட்கார்ந்தவுடன் வரும் பயம், மந்திரமே கதையை முடித்துவிடுமே என்பது. பிணத்தோடு பேசும் மந்திரம் ஒன்று உண்டு. ஐந்து கேள்விகள் கேட்கலாம். பொய் பேச முடியாத வட்டத்தை உண்டாக்கும் மந்திரமும் உண்டு. பத்து நிமிஷம் நிலைக்கும். ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்துக் கட்டளைகளில் அமானுஷ்ய சக்திகளுக்கு இடமில்லை என்பது ஒன்று. நாக்ஸ் பயந்தது நியாயம்தான், ஆனால் விதிகளை ஊன்றிப் படித்தால் வேறொன்று தெரியவரும். பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். உயிரோடிருந்தபோது அறிந்ததற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. வட்டத்துக்குள் நிற்பவர் தெரிந்தே பொய் சொல்ல முடியாது, அவ்வளவுதான். அவர் நம்புவது தவறாக இருக்கலாம். பதிலைச் சுற்றி வளைக்கலாம். வாயை மூடிக்கொண்டும் இருக்கலாம். மந்திரம் தருவது உண்மையை அல்ல, நேர்மையை. இரண்டும் ஒன்றில்லை. டொராண்டோ நண்பர் ஒருமுறை சொன்னார்: "அண்ணை, அவ பொய் சொல்லேல்ல. ஆனா உண்மையும் சொல்லேல்ல."

என் குறிப்பேட்டில் இருந்த விடை: கொன்றவன் கணக்கரிடம் எழுத்து பயின்ற உதவியாளன். பொய்க்கணக்கு எழுதி மாட்டிக்கொண்டவன். மந்திர நூல்களைப் படியெடுக்கும் வேலையும் செய்ததால் பிணத்துக்கு வாய் தேவை என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் தாடையை அகற்றினான்.

தோழர்கள் வேறு பக்கம் போனார்கள். தாடையை எடுக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? மந்திரம் தெரிந்தவருக்கு. ஊரில் மந்திரம் தெரிந்தவர் மருத்துவத் துறவி. அவளை வட்டத்துக்குள் வரச் சொன்னார்கள். வரமாட்டேன் என்றாள். வழக்கறிஞர் தோழர் உடனே, "வரலைன்னா எதையோ மறைக்கிறா" என்றார். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

அவள் மறைத்தாள்தான். தப்பி வந்த ஒரு கொத்தடிமையைத் தன் வீட்டின் பின்னறையில் ஒளித்துவைத்திருந்தாள். வட்டத்துக்குள் நின்றால் அதைப் பற்றியும் கேட்பார்களே என்ற பயம். இதைக் கண்டுபிடிக்க இரண்டு தடயங்களே வைத்திருந்தேன். மூன்றாவதை வைக்கச் சோம்பல். அவர்கள் இரண்டையும் தவறவிட்டார்கள்.

நாலாவது அமர்வில் அவர்களுடைய வாதம் முழு உருவம் எடுத்தது. கேட்கக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் கதையைவிட அது நல்ல கதை. குணப்படுத்துபவளே கொலையாளி, உடலை அறிந்தவளே உடலை ஊமையாக்கியவள். நான் எழுதிய எழுத்தன் ஒரு சாதாரண மோசடிக்காரன். அந்த இடத்தில்தான் நான் அதைச் செய்தேன். யாருக்கும் சொல்லாமல் விடையை மாற்றினேன்.

இடைஞ்சலாக ஒரு சாட்சி இருந்தார். முதல் அமர்வில் தோணிக்காரர் வட்டத்துக்குள் நின்று, கொலை நடந்த இரவு துறவியை அக்கரையில் ஒரு பிரசவத்துக்குக் கொண்டுபோய் விட்டதாகவும் விடிந்த பிறகே திரும்பக் கூட்டிவந்ததாகவும் சொல்லியிருந்தார். நான் இப்போது கூட்டிச்சேர்த்தேன்: அவர் பொய் சொல்லவில்லை, இருட்டில் முக்காட்டோடு வந்த வேறொருத்தியைத் துறவி என்று நம்பிவிட்டார். நேர்மைக்கும் உண்மைக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளி எனக்கு ஓட்டையாகப் பயன்பட்டது. ஊரார் துறவியைத் தூக்கிலிட்டார்கள். தோழர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "செம ஆட்டம்" என்றார் சிங்கப்பூர் நண்பர்.

பத்து நாள் கழித்து வழக்கறிஞர் தோழர் போன் செய்தார். பழைய பதிவுகளைத் திரும்பப் படித்திருக்கிறார்.

"தோழர், மொத நாள் தோணிக்காரர் என்ன சொன்னார்னு எழுதியே போட்டிருக்கீங்க. 'பேசிக்கிட்டே போனோம், என் மகளுக்கும் அவங்கதான் பிரசவம் பார்த்தாங்க'ன்னு இருக்கு. முக்காடு போட்டவகிட்ட அதப் பேசுவாரா?"

நான் பேசவில்லை.

"மாத்திட்டீங்களா?"

"உங்க தியரி நல்லா இருந்துச்சு தோழர்."

"கோர்ட்ல இதுக்கு ஒரு பேரு இருக்கு. ஆள முடிவு பண்ணிட்டு அப்புறம் சாட்சிய சரிக்கட்டுறது. கேஸ் ஜோடிக்கிறதுன்னு சொல்லுவோம்."

5

இல்லாத ஒரு பெண்ணுக்காக யாரும் இப்படி வருத்தப்பட வேண்டுமா என்று கேட்கலாம். அவருடைய வருத்தம் அவளுக்காக மட்டுமல்ல. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 20(3)ஆம் கூறு. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய சம்மதமில்லாமல் மயக்கமருந்து கொடுத்துப் பேசவைப்பதும், பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைப்பதும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. எங்கள் ஆட்டத்தின் உண்மை வட்டம் வேறென்ன? "நெஜ வாழ்க்கையில இதுக்காக வாதாடுறவ நான். ஆட்டத்துல, வாயத் தொறக்கலைன்னா குத்தவாளின்னு சொல்லிட்டேன். நான் தப்பா யோசிச்சேன் தோழர். அதுக்கு நீங்க சரின்னு மார்க் போட்டுட்டீங்க" என்றார்.

அவர் தப்பு செய்யும் உரிமையை நான் பறித்துக்கொண்டேன். தப்பு என்று தெரிந்திருந்தால் அவருக்கு ஏதோ ஒன்று கிடைத்திருக்கும். நான் கொடுத்தது வெற்றி மாதிரி இருந்த ஒரு பரிசுப்பொருள்.

அந்த நாட்களில் எனக்கு நானே ஒரு கோட்பாட்டு நியாயம் சொல்லிக்கொண்டேன். 1967இல் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தாரே, நான் செய்தது அதுதானே? என் ஒற்றை அர்த்தத்தை விட்டுக்கொடுத்து வாசகர்களின் அர்த்தத்தை ஏற்றுக்கொண்டேனே? 1998இல் பியர் பயார், அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய ரோஜர் அக்ராய்ட் கொலை நாவலை மறுவிசாரணை செய்து, கிறிஸ்டி காட்டிய ஆள் கொலையாளி அல்ல என்று ஒரு புத்தகமே எழுதினார். அவருக்குக் கிடைத்த உரிமை என் தோழர்களுக்கு ஏன் கூடாது?

இந்த நியாயத்தில் உள்ள ஓட்டை இப்போது தெரிகிறது. பயார் வாதாட முடிந்ததே கிறிஸ்டியின் பிரதி அசையாமல் அங்கே இருப்பதால்தான். அவர் புத்தகத்தைப் படித்துவிட்டு கிறிஸ்டியின் நாவல் ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. மறுவாசிப்பு செய்ய, மறுக்கக்கூடிய ஒரு பிரதி வேண்டும். நான் அதைத்தான் இல்லாமல் செய்தேன். என் தோழர்கள் எந்தச் சுவரில் முட்டினாலும் அந்த இடத்தில் ஒரு கதவை வைத்துக்கொண்டே போனால், அவர்கள் ஊருக்குள் நடக்கவில்லை, என் தயவுக்குள் நடக்கிறார்கள்.

முன்கூட்டிய விடையே இல்லாத ஆட்டங்கள் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜேசன் கார்டோவாவின் 'பிரிண்டில்வுட் பே' (2022) அப்படிப்பட்டது. வயதான பெண்கள் சிலர் தங்கள் ஊர்க் கொலைகளைத் துப்பறிகிறார்கள். நடத்துநரிடம் தடயங்கள் உண்டு, கொலையாளி கிடையாது. ஆடுபவர்கள் கூடிப் பேசி ஒரு கருதுகோள் கட்டுகிறார்கள். அதில் எத்தனை தடயங்களைப் பொருத்தினார்கள் என்பதைக் கூட்டி, வழக்கின் சிக்கலைக் கழித்து, இரண்டு பகடை உருட்டுகிறார்கள். போதுமான எண் விழுந்தால் கருதுகோளே உண்மை. விழாவிட்டால் தவறு. இதை நான் குறை சொல்லமாட்டேன். ஆசிரியன் இங்கே உண்மையிலேயே செத்துவிட்டான். சாவு அறிவிப்பு விதிப்புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது. எல்லோருக்கும் தெரியும். நடத்துநருக்கும் அதே பகடைதான்.

ஆக இரண்டு நேர்மையான வழிகள். விடை முன்பே எழுதப்பட்டது. எழுதியவரும் அதற்குக் கட்டுப்பட்டவர். அல்லது விடை யாரிடமும் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். நான் போனது மூன்றாவது வழி: விடை இருப்பதுபோல் பாவனை, ஆனால் அது என் சௌகரியம் போல. வெளியில் பார்த்தால் இதுதான் மற்றவர் பேச்சுக்கு அதிகம் இடங்கொடுப்பது. உள்ளே இதுதான் அதிகபட்ச அதிகாரம். ரகசியமாகச் செத்துப்போன ஆசிரியனைக் கேள்வி கேட்கவும் முடியாது, எதிர்த்து வாதாடவும் முடியாது. நம் சூழலில் மையத்தைக் கலைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டவர்கள் பலர் மையத்திலேயே உட்கார்ந்திருந்ததற்கும் இதற்கும் ஏதோ தொடர்பு இருப்பதாகப் படுகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெர்டி து வெர்னுவா சொன்ன அனுபவசாலி நடுவரின் பிரச்சினையும் இதுவே. அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் நல்லவர் என்பதைத் தவிர மற்றவர்களுக்கு வேறு பாதுகாப்பு இல்லை.

6

அடுத்த ஆட்டத்துக்கு ஓர் ஏற்பாடு செய்தோம். யோசனை வழக்கறிஞர் தோழருடையது. விடையையும், யார் எங்கே இருந்தார் என்ற கால அட்டவணையையும், தடயங்கள் அத்தனையையும் முதல் அமர்வுக்கு முன்பே எழுதி, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பாக மூவருக்கும் அனுப்பிவிட வேண்டும். கடவுச்சொல் என்னிடம் இருக்கும். ஆட்டம் முடிந்த இரவு அதைச் சொல்வேன், ஒன்றாகத் திறப்போம். கோப்பு அவர்கள் கையில் இருப்பதால் நடுவில் நான் எதையும் மாற்ற முடியாது.

மாற்ற முடியாது என்றானதும் என் வேலை மாறியது. விளைவைக் காப்பாற்ற வேண்டியதில்லை, வழியைத்தான் நேர்மையாக அமைக்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று தடயம், இம்முறை சோம்பலில்லாமல். அந்த மூன்றும் மூன்று வேறு இடங்களில், மூன்று வேறு மாதிரி: ஒரு பொருள், ஒரு வாய்மொழி, ஓர் இடத்தின் அமைப்பு. குற்றமற்றவர் மறைக்கும் ரகசியத்துக்கும் அதே மூன்று. (இதை யாரும் சொல்லித்தரவில்லை, பட்டுத்தான் தெரிந்தது. கொலைகாரனைக் கண்டுபிடிக்க வழி வைக்கிற அளவுக்கு நிரபராதியை விடுவிக்கவும் வழி வைக்க வேண்டும்.) அமர்வு முடிவில் அவர்களே பொதுப்பலகையில் மூன்று பத்தி எழுதுகிறார்கள்: நமக்குத் தெரிந்தது, நாம் நினைப்பது, யார் சொல்லித் தெரியும். மூன்றாவது பத்தி வந்த பிறகு கருதுகோள் பத்து நிமிஷத்தில் உண்மையாவது குறைந்தது. கூட்டாகப் பேசும்போது ஒருவர் கட்டாயம் மறுப்பவராக இருக்க வேண்டும் என்றும் முறைவைத்துக்கொண்டோம். அவர்கள் தேடும் இடத்தில் நான் எதையும் யோசித்து வைக்கவில்லை என்றால் புதிதாக உண்டாக்கலாம்: பூனை ஏன் நொண்டுகிறது என்பதை. பூட்டிய கோப்பில் உள்ளதை மறுக்கும் எதையும் உண்டாக்கக் கூடாது.

இந்தக் கதையில் பாலத்தில் சுங்கம் வசூலித்தவர் செத்துப்போகிறார். ஆறு அமர்வு. தோழர்கள் கவனமாக ஆடினார்கள். இந்த முறை வட்டத்துக்குள் வர மறுத்த விதவையை வற்புறுத்தவில்லை. கடைசியில் ஒரு படகோட்டியைக் குற்றவாளி என்றார்கள். ஊர்ச்சபை அவனை ஊரைவிட்டு விலக்கியது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் படகில் ஏறுவதை விவரித்தேன். பிறகு கடவுச்சொல்லைச் சொன்னேன்.

திறந்து படித்தார்கள். படகோட்டி கொல்லவில்லை. அவனை விடுவிக்க வைத்திருந்த மூன்று தடயங்களில் இரண்டைப் பலகையிலேயே எழுதியிருந்தார்கள். வேறு எதற்கோ சாட்சியாக நினைத்துவிட்டார்கள். எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' (1980) நாவலில், இல்லாத ஒரு வடிவத்தைப் பின்தொடர்ந்துபோய்த் துறவி சரியான ஆளை அடைகிறார். இவர்கள் சரியான தடயங்களைக் கையில் வைத்துக்கொண்டு தவறான ஆளை அடைந்தார்கள்.

திரையில் மூன்று மைக்கும் அணைந்திருந்தன. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன், இல்லை. கொஞ்ச நேரம் கழித்து சிங்கப்பூர் நண்பர், "நான்தான் அந்தக் கயித்த தப்பா படிச்சேன்" என்றார். "நாங்கள் மூண்டு பேரும்தான்" என்றார் டொராண்டோ நண்பர். 'செம ஆட்டம்' என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவர்கள் தங்கள் வாதத்தை வரி வரியாகத் திரும்பப் படித்தார்கள், நான் இருப்பதையே மறந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல். முதல் ஆட்டம் முடிந்தபோது என்னைப் பாராட்டினார்கள். இந்த முறை என்னிடம் அவர்களுக்குக் கேட்க ஒன்றுமில்லை. எல்லாம் அவர்கள் கையில் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை புதுக் கதை தொடங்குவதாக ஏற்பாடு. வழக்கறிஞர் தோழர் வேண்டாமென்றார். "அந்தப் படகோட்டி குடும்பத்தத் தேடிப் போறோம் தோழர். மொதல்ல அவங்ககிட்ட பேசணும். அப்புறம் சபைக்கு முன்னாடி நிக்கணும், நாங்க சொன்னது தப்புன்னு."

அவர்கள் எங்கே போனார்கள், எப்படி இருக்கிறார்கள், கதவைத் திறப்பார்களா மாட்டார்களா என்று யோசித்து எழுதினேன். எழுதி, பூட்டி, மூவருக்கும் அனுப்பிவிட்டேன்.